ஞானையாவின் கல்லும் அசனத்தின் முதல் துண்டும்

1

இந்தக் கதை பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில் எனக்குக் கிடைத்தது. உள்ளேயிருந்து வந்தவர், தனக்கு நோய் இருப்பது தெரிந்து, சந்தோஷத்தில் போனில் கத்தினார்.

“ஏட்டி ஸ்வீட்லின், கல்லுதானாம்! நெஞ்சுல ஒண்ணும் இல்லியாம்!”

அவருக்கு ஞானையா என்று பெயர் வைத்தேன். (மனைவி பெயர் மட்டும் அவர் கொடுத்தது.)

2

முதலில் எழுதியது: ‘ஞானையாவின் நெஞ்சு வலித்தது. மரணம் தன்னை…’

தப்பு. வலித்தது வலது விலாவுக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி தின்ற பிறகு வந்து, தோள்வரை ஏறும். மாரடைப்பென்றே முடிவுகட்டி, வெளியே சொல்லாமல் பயந்து கிடந்தார்.

ஏன் கறிக்குப் பிறகு? (இதை விளக்காமல் என்னால் நகர முடியாது.) கல்லீரலுக்கு அடியில் பித்தப்பை இருக்கிறது. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பதுபோல் கொழுப்பைப் பிரிக்கும் பித்தநீர் அதில் சேர்ந்திருக்கும். குடலுக்குள் கொழுப்பு வந்ததும் பை சுருங்கி நீரைத் தள்ளும். வாய்க்கால் மடைபோன்ற பையின் வாயில் கல் அடைத்துக்கொண்டால்? பை கல்லோடு மல்லுக்கட்டும். அதுதான் வலி. ஆகவே, அறுவைசிகிச்சை வரை கொழுப்புக் கறி கூடாது என்றார் மருத்துவர்.

3

இங்கேதான் கதை சிக்கியது. மறுநாள் ஞானையாவின் சர்ச்சில் அசனம். காணிக்கை ஆடுகளெல்லாம் ஒரே குழம்பாக, சபை முழுக்கச் சேர்ந்து உண்ணும் விருந்து. அதில் உப்பு பார்ப்பவர் ஞானையா. துளிக் குழம்பென்றால் பரவாயில்லை. ஆனால் அங்கே வழக்கம், கொழுப்போடு முதல் துண்டை முழுதாகத் தின்று சொல்வது. தின்றால் வலி. மறுத்தால் நோயாளி என்று கரண்டியைப் பிடுங்கிவிடுவார்கள்.

முடிவு அ: தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு… (பாடம் நடத்துகிறேன். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: கைக்குட்டையில் துப்பி… (ஞானையா செய்யமாட்டார்.)

4

மைத்துனன் கிங்ஸ்லி அண்டாவைத் திறந்து கரண்டியை நீட்டினான்.

“அத்தான், பாத்துச் சொல்லுங்க.”

“எனக்கு ஆகாதுலே. பித்தப்பையில கல்லு.”

(இந்த இடத்தில் ஒரு சண்டை வைத்திருந்தேன்.) கிங்ஸ்லி கரண்டியைத் தன் வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினான்.

“எனக்கும் ஆகாது அத்தான். ரத்தத்துல கொழுப்பு கூடிட்டுன்னு டாக்டர் ஏசிட்டாரு. அக்காட்ட சொல்லிராதீய.”

“கொழுப்பு ஒனக்குச் சின்னதுலயே உண்டுலே” என்றபடி பக்கத்தில் நின்ற அப்பாத்துரை அண்ணாச்சியைப் பார்த்தார் ஞானையா.

“என்னைய ஏம்வே பாக்கீரு? எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட்டு இருக்கு!”

“பொறவு யாருக்குவே இவ்வளவு கறி?”

மூவரும் சிரித்தார்கள். ஞானையா சிரித்தது, ஸ்கேன் சென்டர் வாசலில் நான் கேட்ட அதே குரலில். கரண்டியை யாரும் பிடுங்கவில்லை.

5

உப்பை யாராவது பார்த்தாக வேண்டும், பந்தி காத்திருக்கிறது. நான் பார்த்துச் சொல்லிக் கதையை முடித்துவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் ஞானையா கரண்டியோடு உங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

“இங்கன வாங்க. நீங்க பாருங்க.”

நீங்கள் கை நீட்டுகிறீர்கள். அவர் கரண்டியைச் சற்றுப் பின்னிழுத்து, பைய கேட்கிறார்:

“ஒங்களுக்கு ஆகும்லா?”