வாசலில் காத்திருப்பவள்

ஜ்யோத்ஸ்னா வாசலில் காத்திருப்பதாக என் போனில் முதல் அறிவிப்பு வந்தது டிசம்பரின் முதல் திங்கட்கிழமை, காலை ஏழு பத்துக்கு. துவாரகாவில் எங்கள் குடியிருப்புக்கு யார் வந்தாலும் வாட்ச்மேன் ஒரு போட்டோ எடுத்து ஆப்பில் அனுப்புவார். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும்: அனுமதி, மறுப்பு. அன்று வந்த போட்டோவில் பனிமூட்டம் மட்டும்தான் இருந்தது. நான் மறுப்பை அழுத்தினேன்.

நான்கு வருஷம் இதே ஒன்பதாவது மாடி வீட்டில் என்னோடு இருந்தவள் அவள். ஒரே அலுவலகம். நான் வேறு வேலை தேடுவதை மேனேஜரிடம் சொன்னது அவள்தான் என்று நினைத்து செப்டம்பரில் சண்டை போட்டேன். மயூர் விஹாரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். மிச்சச் சாமானை எடுக்க அவள் வந்த அன்று, அதை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு நானே கேட்டுக்கு எடுத்துப் போனேன். இவளை இனிமேல் உள்ளே விடாதீர்கள், நம்பத் தகாதவள் என்று அவள் காதுபடவே வாட்ச்மேனிடம் சொன்னேன். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

சொன்னது அவளில்லை என்று அக்டோபரிலேயே தெரிந்துவிட்டது. வேலை தேடும் தளத்தில் என் விவரங்களை மேனேஜரே பார்த்திருக்கிறார். ஆனாலும் அவள் முதலில் பேசட்டும் என்றிருந்தேன். பேசினால் மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். யார் யாரை மன்னிப்பது என்று யோசிக்கவில்லை.

அறிவிப்பு தினமும் அதே நேரத்துக்கு வந்தது. கீழே போய் விசாரித்தபோது யாரும் வரவில்லை என்றார் வாட்ச்மேன். தான் எதையும் அனுப்பவில்லை என்று தன் போனையும் திறந்து காட்டினார். போட்டோக்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்தன. செவ்வாயன்று பனிக்குள் ஒரு முழங்கை. வியாழனன்று ஈரத்தில் நைந்துபோன அட்டைப்பெட்டியின் மூலை. அந்த வாரம் டெல்லியில் ஒரு துளி மழை இல்லை.

சனிக்கிழமை அனுமதியை அழுத்தினேன். சற்று நேரத்தில் லிஃப்ட் எங்கள் மாடியில் வந்து நின்றது. பெல் அடிக்கவில்லை. கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. மிதியடிக்கு அந்தப் பக்கம், ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத் தரை நனைந்திருந்தது. உள்ளே வா என்றேன். அந்த ஈரம் அப்படியே இருந்தது. அனுமதி கொடுக்கிறவளாகவே நான் இன்னும் மேலே உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு காலை மெட்ரோ பிடித்து மயூர் விஹார் போனேன். அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். தினமும் காலையில் வந்து நிற்கிறீர்கள், பெயர் கேட்டால் சொல்லாமல் போய்விடுகிறீர்கள், இன்றைக்காவது சொல்வீர்களா என்று ஹிந்தியில் கேட்டார். நான் அந்தக் கேட்டுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. பெயரைச் சொன்னேன்.

ஜ்யோத்ஸ்னா ஸ்வெட்டரோடு இறங்கி வந்தாள். கேட்டுக்கு உள்ளேயே நின்றாள்.

"மேனேஜர்ட்ட நீ சொல்லல. எனக்கு அக்டோபர்லயே தெரியும்."

"அக்டோபர்லயா?"

"தெரிஞ்சும், நீயே முதல்ல பேசட்டும்னு உக்காந்திருந்தேன். தப்பு என்னோடதுதான், ஜோ."

"ரொம்பப் பெரிய மனசுடி உனக்கு" என்றாள். அவள் கண் என் முகத்தில் இல்லை, என் தோளுக்குப் பின்னால் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்த வாட்ச்மேன் பையா முன்னாடிதானே என்னை அப்படிச் சொன்னே? அவர் முன்னாடியே இதையும் சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

"சொல்றேன்."

"உன் ஹிந்திலயா?"

"என் ஹிந்திலதான்."

அவள் சிரித்துவிடுவாள் போலிருந்தது. சிரிக்கவில்லை. மேலே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

ரயிலில் எங்களுக்கு நடுவே ஒரு சீட் காலியாக இருந்தது. ராஜீவ் சௌக்கில் பெட்டி நிரம்பி, ஆட்கள் எங்கள் கால்களை மிதித்துக்கொண்டு நின்றார்கள். அந்த சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஒரு பெண் உட்காரக் குனிந்தவள், ஸாரி என்று அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துபோனாள். ஜ்யோத்ஸ்னா அதைப் பார்த்தாள். துவாரகா வருவதற்குள் அவள் நகர்ந்து உட்காரலாம், உட்காராமலும் போகலாம். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஹிந்தியில் கோக்க ஆரம்பித்தேன். முதல் வாக்கியமே மூன்று முறை தப்பாக வந்தது.