பராக்குக்காரி

அறைகலன் கடையில் மகளைக் காணோம் என்றதும் அவள் தெருவுக்குத்தான் ஓடினாள். பிள்ளை நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவளுக்கு வண்டிகள் என்றால் குலைநடுக்கம். ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தாள். வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"சட்டை என்ன கலர் சார்?" என்று காவலாளி கேட்க, அவள் கணவன் திருதிருவென விழித்தான். கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். பெரிய எண்களை மனசுக்குள்ளேயே பெருக்கிவிடுவான். காலையில் அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டதும் அவன்தான்.

"மஞ்சள். காலர்ல இங்க் கறை," என்றாள் அவளுடைய தங்கை. வீட்டில் அவளுக்குப் பராக்கு என்றே பெயர். அடுப்பில் பால் பொங்கி வழிய, ஜன்னலில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பவள். பிள்ளையை அவளிடம்தான் விட்டிருந்தார்கள்.

"உன்னைப் போய் நம்பினேன் பாரு," என்று தெருவிலிருந்து திரும்பி வந்த அக்கா அவளைப் பிடித்து உலுக்கினாள். "எம்பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்டி."

கணவன் கடையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆட்களை அனுப்பினான். மாடி, கிடங்கு, கழிவறை, கட்டில்களின் அடி. எங்கும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

தங்கை அலமாரி வரிசையின் நடுவே அசையாமல் நின்றாள்.

"இப்பவுமாடி வேடிக்கை?"

"இல்லக்கா. எல்லாத்துலயும் விலைச்சீட்டு வெளிய தொங்குது. இதுல மட்டும் கதவிடுக்குல மாட்டியிருக்கு."

இழுத்தார்கள். திறக்கவில்லை. காவலாளி கம்பியைக் கொடுத்து நெம்பினார். உள்ளே மகள் வியர்வையில் நனைந்து துவண்டு கிடந்தாள்; உதடு வெளுத்திருந்தது. அக்கா வாரியெடுத்து வாசலுக்கு ஓடினாள். காற்று பட்டுக் கொஞ்ச நேரம் கழித்தே பிள்ளை இருமியது, பிறகு அழுதது.

மருத்துவமனையில் மருத்துவர் பயமில்லை என்று சொன்ன பிறகும் அக்கா பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"தெருவுக்கு ஓடினப்ப அந்த அலமாரிய உரசிக்கிட்டுத்தான்டி போனேன். உள்ளேருந்து தட்டியிருப்பா. என் காதுல விழலையே."

"சோபாவுல தையல் கோணலா இருந்துச்சுக்கா," என்றாள் தங்கை, தலை நிமிராமல். "அதையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்பத்தான் உள்ள போயிருப்பா."

தூங்கும் பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.