இந்த உடம்புக்கு ஒரு சட்டை

சலேத் தன் சட்டையின் பக்கத் தையலை மறுபடியும் பிரித்துக்கொண்டிருப்பதைச் செசிலி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஒரு தடவை பிரித்து அகலமாக்கினாள். தவக்காலம் முடியவில்லை, அதற்குள் இன்னொரு தடவை.

சலேத், செசிலியின் புருஷன் ஏசுஅடிமையின் தங்கை. முப்பதைத் தாண்டியவள். இரண்டு இடங்களில் கல்யாணம் பேசி இரண்டும் தட்டிப்போன பிறகு, இனி எனக்காக யாரும் எங்கும் போய்ப் பேசவேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த கைமெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. அதை வைத்து அந்தக் கடற்கரையின் பெண்களுக்கெல்லாம் சட்டை தைத்தாள். இடுப்புக்குக் கீழே இறங்குகிற நீளச் சட்டையும் முண்டும்தான் அங்கே உடுப்பு. முட்டத்திலிருந்தும் கடியப்பட்டணத்திலிருந்தும்கூட அவளைத் தேடித் துணி வரும்.

செசிலி நாலு பெற்றவள். சலேத்துக்கு முகம் வெளுத்து, தோள் மெலிந்து, வயிறு மட்டும் பெருப்பது எதனால் என்று அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. புருஷனிடம் சொல்லப் பயம். சொல்லாமல் இருக்கவும் பயம். கடைசியில் ஏசுஅடிமை கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில், மெஷினுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஏட்டி சலேத்து, நான் ஒண்ணு கேட்டா கோவப்படுவியா?"

"கேக்காண்டாம் மைனி. இஞ்ச கையத் தாங்க."

சலேத் அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்தினாள். "பிள்ளைன்னா இத்தன நாளைக்கு உள்ள அனங்கி அசைஞ்சிருக்கும். நானும் பயந்துதான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன், எந்தப் பாவமும் செய்யாமலே. அனங்கல்ல. மாசாமாசம் வாறதும் நிக்கல்ல. இது என்னன்னு எனக்குத் தெரியல்ல மைனி."

செசிலியின் கைக்குக் கீழே, தண்ணீர் முட்ட நிரம்பிய தோல்பை மாதிரி ஏதோ ஒன்று விறைத்து உருண்டு நின்றது. பிள்ளையின் கனம் அப்படி இருக்காது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் தான் மனதுக்குள் நினைத்ததை எண்ணி ஒரு பக்கம் கூச்சம், இது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று மறுபக்கம் நடுக்கம்.

ஏசுஅடிமையிடம் அன்றே சொன்னாள். அவர் வாயில்லாத மனிதர். மறுநாள் வைத்தியரைக் கூட்டிவந்தார். வைத்தியர் இது குன்மம், வயிற்றுக் கோளாறு என்று சொல்லிக் கஷாயம் கொடுத்தார். சலேத் முகம் சுளிக்காமல் குடித்தாள். வயிறு குறையவில்லை. காறை எலும்பு துருத்திக்கொண்டது, கைகள் குச்சியாயின. சாப்பிட்டதெல்லாம் அந்த ஒரு இடத்துக்கே போகிற மாதிரி இருந்தது.

அதற்குள் கிணற்றடியில் பேச்சு எழுந்துவிட்டது. செசிலி தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நிற்கும், திரும்பினால் தொடங்கும். ஒருநாள் வேளாங்கண்ணி என்பவள் வீட்டுக்கே வந்தாள். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டை தைக்கத் துணி கொடுத்திருந்தவள்.

"தச்சது வரைக்கும் போதும். துணியத் தந்துரு," என்றாள் வாசலில் நின்றபடி.

சலேத் வெட்டி வைத்திருந்த துண்டுகளை அடுக்கி, மடித்து, எடுத்துக் கொடுத்தாள். "சட்டைக் கைக்கு வெட்டுன துண்டு ரெண்டுலயும் அடையாளம் போட்டிருக்கேன். வேற ஆருகிட்ட குடுத்தாலும் மாறிப்போவாது," என்றாள்.

வேளாங்கண்ணி போனபிறகு செசிலிக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. தன்னுடைய சட்டைகளிலேயே பெரியதை எடுத்துவந்தாள். நாலாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது போட்டது. "கொஞ்ச நாளைக்கு இதப் போட்டுக்க. மேல ஒரு துணியையும் புதச்சுக்கிட்டா ஒண்ணும் தெரியாது."

சலேத் அதைப் போட்டுப் பார்த்தாள். வயிற்றுக்குச் சரியாக இருந்தது. தோள் இரண்டும் வழிந்து தொங்கின. கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும். கண்ணாடியை எடுத்து முகத்திலிருந்து இடுப்புவரை மெதுவாக இறக்கிப் பார்த்தாள்.

"இது ஒளிச்சு வைக்கிறவ போடுற சட்டை மைனி," என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். "எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்லல்லா."

அன்று மதியமே அளவு நாடாவை எடுத்தாள். தன் உடம்பைத் தானே அளப்பது லேசான காரியமில்லை. முதுகை அளக்கச் செசிலியைக் கூப்பிட்டாள். பெட்டியில் எப்போதோ வாங்கி வைத்திருந்த இளமஞ்சள் துணி ஒன்று இருந்தது. தோளைப் பிள்ளைகளுக்கு வெட்டுகிற மாதிரி குறுக்கி வெட்டினாள். மார்புக்குக் கீழே துணியைச் சின்னச் சின்ன மடிப்புகளாகப் பிடித்து, அங்கிருந்து விரிந்து வயிற்றின்மேல் வழுவழுவென்று இறங்கவிட்டாள். முன்பக்கம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க, பின்பக்கத்தைவிட அங்கே நீளம் கூட்டினாள். நடுவில் மூச்சு முட்டும். கையை மெஷினிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்ந்துகொள்வாள். மூச்சு சமப்பட்டதும் மறுபடி சுற்றுவாள்.

தைத்து முடித்து அவள் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது செசிலி சுற்றிவந்து பார்த்தாள். வயிறு வயிறாகவே தெரிந்தது. ஆனால் நோயாளி தெரியவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு சலேத் மாதிரி இருந்தாள்.

ஈஸ்டர் பூசைக்கு அந்தச் சட்டையில்தான் புறப்பட்டாள். ஏசுஅடிமை, "இண்ணைக்கு வீட்டுல இரு மக்கா," என்றார். "நான் ஆண்டவரத்தானே பாக்கப் போவுதேன் அண்ணா," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். செசிலி கைப்பிள்ளையை மூத்தவளிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டாள்.

கோயிலில் பெண்கள் பக்கம் முன்வரிசையில், எப்போதும் முழங்காலிடும் இடத்திலேயே சலேத் முழங்காலிட்டாள். பின்னால் குசுகுசுப்பு. பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒரு கிழவி நேராகக் கேட்டாள்: "எத்தன மாசம் ஆவுது?"

"மாசம் தெரியல்ல பாட்டி. இது நோவு. வைத்தியருக்கும் பிடிபடல்ல. எனக்காக ஒரு செபம் சொல்லுங்க," என்றாள் சலேத். குரலில் சூடில்லை. கேட்டவள் கை தானாகச் சிலுவைக் குறி போட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் செசிலி அவளையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இவளை நான் பார்க்கவே இல்லையே என்று நினைத்தாள்.

சித்திரை முடிவதற்குள் படுக்க முடியாமல் ஆகிவிட்டது. உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஏசுஅடிமை வலை வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, அவளையும் செசிலியையும் பஸ் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா தொட்டும் தட்டியும் பார்த்தார். கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் நீர்க்கட்டி, அறுத்துத்தான் எடுக்கவேண்டும், எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார்.

ஏசுஅடிமை வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சலேத் கேட்டாள்: "எவ்வளவு நீளத்துக்குக் கீறுவீங்க அம்மா?"

டாக்டரம்மா தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறுவரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"அப்ப அந்த இடத்துல துணி அழுத்தக்கூடாது," என்று சலேத் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆப்பரேஷனுக்கு நாள் குறித்து வார்டில் காத்திருந்தபோது, ஊசியும் நூலும் கேட்டு வாங்கிக் கையாலேயே ஒரு சட்டை தைக்கத் தொடங்கினாள். வெள்ளைத் துணி. முன்பக்கம் நடுவில் தையல் இல்லை. இடது ஓரத்தில் திறந்து நாடாவால் கட்டிக்கொள்கிற மாதிரி.

செசிலியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அளவு தெரியாம யாருக்குத் தைக்கே?"

"எனக்குத்தான். பெறவு எனக்க உடம்பு எப்படி இருக்கும்னு ஒரு ஊகம்." ஊசியில் நூல் கோத்தாள். "பயமாட்டு இருக்கு மைனி. சும்மா இருந்தா கூடுதலாட்டு இருக்கு."

பக்கத்துக் கட்டிலில் தேரூர்ப் பக்கத்து வயல்காரி இசக்கி படுத்திருந்தாள். யானைக்கால் நோய் அவளுக்குக் கையில் வந்திருந்தது. வலது கை தூண்போல வீங்கி, எந்தச் சட்டைக்குள்ளும் நுழையாமல், எப்போதும் முந்தானையால் மூடியபடி இருப்பாள். அவள் சலேத்தின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆப்பரேஷன் காலையில் தொடங்கி உச்சிப்பொழுதில் முடிந்தது. எடுத்த கட்டி ஒரு பெரிய பானை அளவு இருந்தது என்று நர்ஸ் கையை விரித்துக் காட்டினாள். கெட்டது இல்லை என்று டாக்டரம்மா சொன்னதும், ஏசுஅடிமை வராந்தாவிலேயே முழங்காலிட்டுவிட்டார்.

எழுந்து உட்காரலாம் என்று ஆனபோது சலேத் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டாள். அவள் ஊகம் தவறிவிட்டது. உடம்பு அவள் நினைத்ததில் பாதிகூட இல்லை. வயிற்றில் தோல் மட்டும் தளர்ந்து தொங்கியது. செசிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சலேத் சிரித்தாள், தையல் வலித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"ரெண்டு பேரு போவலாம் மைனி இதுக்குள்ள. கத்திரி இருந்தா வாங்கிட்டு வாங்க."

பிரித்துத் திரும்பத் தைத்தாள். மிஞ்சிய துணியைச் சுருட்டிவைக்காமல் இசக்கியைக் கூப்பிட்டு, அந்தக் கையைக் காட்டச் சொன்னாள். இசக்கி முந்தானையை விலக்க வெகுநேரம் யோசித்தாள். சலேத் அந்தக் கையை மேலிருந்து மணிக்கட்டுவரை நிதானமாக அளந்தாள், வேறு எந்தக் கையையும் அளப்பது போலவே. இசக்கியின் பழைய சட்டையில் வலது கையை மட்டும் எடுத்துவிட்டு, அகலமாக வேறொன்று வைத்தாள். முழங்கையில் மடிப்பு, மணிக்கட்டில் நாடா. இசக்கி அதைப் போட்டுக்கொண்டு வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை முந்தானை இல்லாமல் நடந்தாள்.

ஊருக்குத் திரும்பியபோது பேச்சு வேறாகியிருந்தது. பார்க்க வந்தவர்களில் வேளாங்கண்ணியும் இருந்தாள், நாலு முட்டையோடு. வாசலோரத்திலேயே நின்றாள். "மகளுக்கு புதுநன்மை நல்லபடியா முடிஞ்சுதா?" என்று சலேத்தே கேட்டாள். வேளாங்கண்ணி தலையை ஆட்டிவிட்டு முட்டையை நீட்டினாள். செசிலியால் வேளாங்கண்ணியை அவ்வளவு சீக்கிரம் மன்னிக்க முடியவில்லை. முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சலேத்துக்குச் சதை மெல்லப் பிடித்தது. பக்கத் தையலை மறுபடி விரித்தாள். இம்முறை செசிலியே பிரித்துக் கொடுத்தாள்.

ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு நாள், தேரூரிலிருந்து இசக்கி கடற்கரைக்கு வந்து வீட்டை விசாரித்தாள். கூடவே இன்னொரு பெண். மார்பில் ஆப்பரேஷன் ஆகி ஒரு பக்கம் தட்டையாகிப்போனவள். இரண்டு கைகளையும் குறுக்கே கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாள்.

சலேத் அவளை உள்ளே கூட்டிப்போனாள். "கைய எடுங்க அக்கா," என்று அவள் சொல்வது கேட்டது. "உள்ளத உள்ளபடி அளந்தாத்தான் உங்களுக்குச் சட்டை கிடைக்கும். நான் எனக்கே அப்படித்தான் தச்சேன்."

செசிலி பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இசக்கிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய சட்டையின் வலது கையை ஆசையோடு தொட்டுப் பார்த்தாள்.