எழுபத்திரண்டு என்று காட்டியது

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் நல்ல சொற்களுக்குள் ஒளித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ராகலை டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். அட்டனிலிருந்து வரும் ஒரு சிற்றிதழ் என்னுடைய மூன்று கதைகளைப் போட்டிருக்கிறது. நான்காவதை இப்படித் தொடங்கினேன்:

மூடுபனி தேயிலை மலைகளை மெல்லத் தழுவிக்கொண்டிருந்த ஒரு மதிய வேளையில் —

அடித்துவிட்டேன். அன்றைக்குப் பனியே இல்லை. கண்ணாடி அலுமாரியில் விழுந்த வெயிலில் போன் கவர்கள் சூடாகிக் கிடந்தன.

2

ஒரு மணிக்கு நிலக்ஷியும் அவர் கணவர் அழகுமுத்துவும் வந்தார்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நிலக்ஷி கொழுந்து பறிக்கிறவர். அன்றைக்குத்தான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்படுகிறார். மூன்று மணிக்கு எதிரே பஸ் ஸ்டாண்டில் வேன். அவர் கையில் ஒரு புதுப் போனும் பத்து வருஷப் பழைய போனும் இருந்தன.

"தம்பி, இதுல இருக்கிறத எல்லாம் புதுசுக்கு மாத்திக் குடுங்க. ஒன்னும் விடாம."

அழகுமுத்து பேசவில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. தொண்டையில் வந்த கட்டிக்காக ஏழு மாதங்களுக்கு முன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சட்டைப் பையில் வைத்திருந்த சின்னக் கொப்பியை எடுத்து எழுதிக் காட்டினார்: "எவ்வளவு நேரம் எடுக்கும் தம்பி?"

(இங்கே அவருடைய பழைய குரலைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. காமன் கூத்தில் அவர் பாடினால் கீழ் டிவிசன் லய வீடுகள் வரைக்கும் கேட்கும் என்று எழுதியிருந்தேன். ஊரார் சொன்னதுதான். நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. அதனால் எடுத்துவிட்டேன்.)

3

பழைய போனின் சார்ஜ் ஓட்டை ஆடிப்போயிருந்தது. வயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் சார்ஜ் மட்டும் ஏறும், ஃபைல் போகாது. மெமரி கார்ட் போட்டால் எடுக்கவில்லை. மிச்சம் இருந்த ஒரே வழி, இரண்டு போனையும் வைஃபையில் இணைத்து அனுப்புவது.

மொத்தம் எட்டு ஜிபிக்குக் கொஞ்சம் மேல். இணைப்பு வேகம் 72 என்று போன் காட்டியது. அது மெகாபிட் கணக்கு; எட்டால் வகுத்தால் வினாடிக்கு ஒன்பது எம்பி. மனதிலேயே கணக்குப் போட்டேன். பதினாறு நிமிடம்.

"இருவது நிமிசத்துல முடிஞ்சிரும் அக்கா. போய் சாப்பிட்டுட்டு வாங்க."

இந்த இடத்தில் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த 72, போன் நினைத்துக்கொள்ளும் வேகம். பழைய போனுக்கு உள்ளே இருப்பதைப் படித்தெடுக்கவே மூச்சு வாங்கும். டவுனில் எல்லாக் கடை வைஃபையும் அதே அலைவரிசையில் முட்டிக்கொண்டு நிற்கும். போன் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் இருபது என்றேன். தொழில் தெரிந்தவன் என்று காட்டும் ஆசை.

முதலில் வினாடிக்கு இரண்டு எம்பி போனது. கால் மணி நேரத்தில் ஒன்று. பிறகு ஒன்றுக்கும் கீழே. போனின் முதுகில் கை வைக்க முடியவில்லை. சின்ன மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.

4

இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத பாத்திரம் நான்தான். கதையின் இரண்டாவது படியில் அவனைத் திருத்தினேன். அதில் கடைக்காரன் கேட்பான்: "எல்லாம் சரி அக்கா, எது முதல்ல வேணும்?"

நல்ல வசனம். நான் கேட்கவில்லை. நிலக்ஷி "எல்லாம்" என்றார். எல்லாவற்றையும் தெரிவு செய்து அழுத்திவிட்டேன். அந்தச் செயலி படங்களை முதலில் அனுப்பும், அடுத்து வீடியோ, கடைசியில் ஒலிப்பதிவு.

அவர்கள் சாப்பிட்டு வந்து மரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புதுப் போனில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுவதை நிலக்ஷி பார்த்தார். ஸ்கேன் ரிப்போர்ட், வார்டு கட்டில், யாரோ வீட்டுக் கல்யாணம், தேர்.

"இவரு பாடுனது இன்னும் வரலியா தம்பி?"

"வரும் அக்கா. கடைசியா வரும்."

"அது வந்தா போதும் எனக்கு. போற எடத்துல வேற என்ன இருக்கு."

கேட்டீர்களா? அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். பாட்டுகள் மொத்தம் பதினான்கு, நாற்பத்தாறு எம்பி. அந்த மெதுவான வேகத்திலும் ஒரு நிமிடத்தில் போயிருக்கும். ஆனால் நிறுத்தினால் திரும்ப இணையாமல் போகலாம் என்று பயந்தேன். அதுதான் —

இல்லை. பயம் என்பது பிறகு நான் கண்டுபிடித்த காரணம். உண்மையில் நிறுத்தலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

5

இரண்டே முக்காலுக்கு அறுபத்தொரு சதவீதம் போயிருந்தது. அதோடு பழைய போனின் திரை கறுத்தது. பட்டனை அழுத்தினேன், வயரை அழுத்தினேன், பற்றரியைக் கழற்றிப் போட்டேன். உயிர் வரவில்லை.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு நிலக்ஷி கேட்டார்:

"எல்லாம் ஏறிடுச்சா தம்பி?"

அழகுமுத்துவும் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏறிடுச்சு அக்கா."

பழைய போனை எப்படியும் திருத்தி, பாட்டுகளைப் பிறகு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். "இத வச்சிட்டுப் போங்கண்ணே, பாத்து வைக்கிறேன்" என்று அழகுமுத்துவிடம் சொல்லி அதை வைத்துக்கொண்டேன். நிலக்ஷி புதுப் போனை இரண்டு கையாலும் வாங்கிக் கைப்பையின் உள்பக்கத்தில் வைத்தார். வேன் போனதும் அழகுமுத்து கொப்பியில் எழுதினார்: "நன்றி தம்பி."

பழைய போனைக் கொழும்புக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. உள்ளே இருக்கும் சிப்பே போய்விட்டதாம். ஒன்றும் எடுக்க முடியாது. போன் இனித் திருந்தாது என்று மட்டும் அழகுமுத்துவுக்குச் சொல்லியனுப்பினேன். அவரோடு ஆடிய கூத்துக்காரர்கள் ஆறு பேரிடம் விசாரித்தேன். யாரிடமும் அழகுமுத்துவின் பாட்டு இல்லை. "நேர்லயே கேட்டுக்கிட்டு இருந்தோம், எதுக்குங்க பதியிறது?" என்றார் ஒருவர்.

6

பாட்டு எங்கே என்று கேட்டு நிலக்ஷி கோல் எடுப்பார் என ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். எடுக்கவில்லை. நான்கு மாதம் கழித்து அழகுமுத்து வந்தார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. கொப்பியில் எழுதினார்:

"அவ தினமும் என் பாட்டக் கேக்குறாளாம். கேட்டுக்கிட்டே வேல செய்றாளாம்."

நான் அதை இரண்டு முறை படித்தேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"எனக்கும் கேக்கணும் போல இருக்கு. அனுப்பச் சொன்னா எப்பிடி அனுப்புறதுன்னு தெரியாதுங்குறா. நீங்க சொல்லிக் குடுங்க."

அவர் முன்னாலேயே நிலக்ஷியைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போடவில்லை.

"அக்கா, நான் ராகலையிலருந்து, போன் கடை. அண்ணன் இங்க இருக்காரு. அந்தப் பாட்டு —"

மறுபக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"அது இல்லன்னு எனக்கு ஏர்போட்லயே தெரியும் தம்பி."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க. ஒப்பரேசன் முடிஞ்சதுலருந்து சரியா சாப்பிடல மனுசன். நான் கேக்குறேன்னு சொன்னப்பறம்தான் தட்டுல கை வைக்கிறாருன்னு அத்த சொன்னாங்க."

"அக்கா, நான் அன்னிக்கி —"

"தெரியும். விடுங்க. இப்ப அவரு பாத்துக்கிட்டு இருப்பாரு. மூஞ்சிய மாத்தாதீங்க."

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கடைக்காரன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான்; அழகுமுத்து அவன் தோளில் கை வைக்கிறார். அந்தக் கையை வைத்தது நான். எனக்கு மன்னிப்பு வேண்டியிருந்தது. இன்னொன்றில் கூத்துக்காரர் ஒருவரிடம் பழைய பதிவு கிடைக்கிறது. அதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது, ஆனால் அது நடக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, "அங்க சிக்னல் சரியில்லையாம் அண்ணே, பெரிய ஃபைல் அனுப்ப முடியாதாம்" என்றேன். இரண்டாவது பொய். அழகுமுத்து கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினார். பிறகு எழுதினார்:

"பரவாயில்ல. அவ கேக்குறால்ல."

காரியம் முடிந்தால் எழுதிய தாளைக் கிழித்துப் போடுகிறவர், அந்தத் தாளைக் கிழிக்காமல் கொப்பியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

8

நிலக்ஷியின் ஒப்பந்தம் வருகிற சித்திரையில் முடிகிறது. அவர் ஊருக்கு வந்த அன்றே அழகுமுத்து அந்தப் போனை வாங்கித் தேடுவார்.

பெயர்களை மாற்றிவிட்டேன். டவுனில் போன் கடைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் பாட முடியாமல் போன கூத்துக்காரர் ஒருவர்தான். லயத்துக்கு இந்த இதழ் போனால் யாராவது அவருக்குக் காட்டுவார்கள்; அவரே வாசிக்கத் தெரிந்தவர்.

இரண்டு தடவை தபாற்கந்தோர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். உங்கள் கையில் இது இருக்கிறதென்றால் மூன்றாவது தடவை போட்டுவிட்டேன் என்று அர்த்தம். அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ராகலைப் பக்கத்து ஆளாக இருந்து, இதை வாசித்து முடிக்கும்போது அழகுமுத்து பக்கத்தில் வந்து, என்ன படிக்கிறாய் என்று சைகையில் கேட்டால், இதழை அவரிடம் கொடுப்பதா, மடித்து வைப்பதா என்பதை நீங்கள்தான் —