அசையாமல் இருந்தவர்

துளசி வீடியோ கேம் விளையாடுவதைப் பார்த்தவர்கள், இந்தப் பெண் எந்த ஜென்மத்திலும் ஜெயிக்கப்போவதில்லை என்றுதான் சொல்வார்கள். எதிரி துப்பாக்கியோடு எதிரே வந்து நிற்பான். இவள் அவனுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் காரை பெயர்ந்திருப்பதை ரசித்துக்கொண்டிருப்பாள். புக்கிட் மெர்தாஜாம் ஊரில், வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கூட விளையாடும் அண்ணன் கிஷன் தலையில் அடித்துக்கொள்வான். “சுடு லா. சுவத்தப் பாக்கவா கேம் வாங்குனோம்?”

இன்னொரு கிறுக்கும் அவளுக்கு உண்டு. விளையாட்டை நிறுத்தும்போது திரையில் இருப்பவர்களைப் பார்த்து “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் அணைப்பாள். அம்மா மீனாட்சி வளர்த்த வளர்ப்பு அது. வாசலைத் தாண்டும்போது யாராவது “போறேன்” என்றால் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “போயிட்டு வரேன்னு சொல்லு. அப்படிச் சொன்னவங்க வந்துதான் ஆகணும்” என்பாள். கிஷன் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான், தீபாவளிக்குத் தீபாவளி வரவும் செய்கிறான். அவனுடைய நாற்காலி இப்போது துவைத்த துணி குவிக்கும் இடமாகிவிட்டது.

சுவரைப் பார்த்தே காலம் ஓட்டியவள் கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ் டவுன் நகரக் கல்லூரி ஒன்றில் கேம் ஆர்ட் படிக்கச் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம், அவள் அங்கே தோற்றதுதான். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்களே, அந்தக் கதை. ஒரு அறையைக் கணினியில் உருவாக்க வேண்டும், அதற்குள் விளையாடுபவர் நடக்க வேண்டும். முதல் முறை ஒரு காப்பிக்கடை செய்தாள். இரண்டாம் முறை ஒரு தையல்கடை. இரண்டையும் பார்த்துவிட்டு விரிவுரையாளர் ஸுல்கிஃப்லி ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். “ரொம்ப சுத்தமா இருக்குமா. இங்க யாருமே வாழ்ந்ததில்ல.”

மூன்றாம் முறையும் தேறாவிட்டால் படிப்பிலிருந்து வெளியே. அம்மா, தான் வேலை பார்க்கும் பிறை ஊர் ஃபேக்டரியில் மகளுக்கும் ஒரு வேலை கேட்டு சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை போட்டும் வைத்துவிட்டாள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்ட அன்று துளசி கல்லூரிக்குக் கடல் தாண்டும் ஃபெர்ரியில் கடலைப் பார்த்தபடி அழுதாள்.

கூடப் படிக்கும் ஷஹீதாதான் வழி சொன்னாள். அவளுடைய மாமா நாகூர் மீரானின் சாப்பாட்டுக் கடை லெபோ பசார் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கடைக்கு மேல் மாடியறை காலியாகக் கிடந்தது. “பழைய அறை. நீயா கற்பனை பண்ணாத, அப்படியே ஸ்கேன் பண்ணு” என்றாள்.

ஸ்கேன் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு அறையை எல்லாப் பக்கமிருந்தும் நூற்றுக்கணக்கில் படம் எடுக்க வேண்டும். கணினி அந்தப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, அறையை முப்பரிமாணத்தில் எழுப்பிவிடும். அதில் ஒரே ஒரு விதி. படம் எடுக்கும்போது அசைந்தது எதுவும் மாடலில் தங்காது. குறுக்கே போன பூனை, ஆடிய திரைச்சீலை, நடந்த ஆள், எல்லாம் கரைந்துவிடும். கடைசிவரை அசையாமல் இருந்தது மட்டும் மிஞ்சும்.

காலை வெயில் மரச்சட்ட ஜன்னல் வழியாகப் பட்டை பட்டையாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு கட்டில், சுவரில் முருகன் படம், ஜன்னலோரம் ஒரு மர ஸ்டூல். கீழே கறி தாளிக்கும் வாசம். துளசி சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். முடித்து கேமராவை அணைக்கும்போது, திரையை அணைக்கும் பழக்கம் வாயில் வந்துவிட்டது. யாரும் இல்லாத அந்த அறையைப் பார்த்து “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாள் கல்லூரி லேபில் மாடல் எழும்பியது. சுவர், கட்டில், முருகன், எல்லாம் அச்சு அசல். ஸ்டூலில் மட்டும் ஏதோ ஒன்று இருந்தது. மெழுகு உருகியது போன்ற மேடு பள்ளம். அவள் மாடலைச் சுழற்றிப் பார்த்தாள். தோள் தெரிந்தது. முழங்கால்மேல் வைத்த இரண்டு கைகள் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. யாரோ ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் ஸ்டூல் காலி.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மென்பொருள் சில நேரம் குப்பையும் கொடுக்கும். அந்த உருவத்தை வெட்டி எறிந்துவிட்டு, அதே படங்களை மறுபடி ஓட்டினாள். உருவம் மறுபடி வந்தது. இந்த முறை அது ஜன்னலைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பியிருந்தது, அவள் இறங்கிப் போன கதவு. லேப் முழுக்கப் பிள்ளைகள் இருந்தும் துளசிக்கு எழுந்து வெளியே ஓடலாமா என்று தோன்றியது.

ஓடுவதற்குள் ஸுல்கிஃப்லி வந்து பின்னால் நின்றுவிட்டார். குனிந்து திரையைப் பார்த்தார்.

“இப்பத்தான்மா அறைன்னா அறை” என்றார். “யாரை உக்கார வச்ச?”

“தெரிஞ்சவரு சார்” என்று அவள் வாய் பொய் சொன்னது.

“அவரை எடுத்துராத. இது நின்னா நீ பாஸ். முகம்தான் தெளிவா வரல, இன்னொரு தடவை போய் எடு. ஆள் இல்லாத நேரத்துல அந்த ரூம் சத்தத்தையும் ரெக்கார்ட் பண்ணிக்க.”

இத்தனை நாள் ஏங்கிய பாராட்டு, வேண்டாத இடத்திலிருந்து வந்தது.

அன்று மத்தியானமே ஷஹீதாவோடு கடைக்குப் போனாள். நாகூர் மீரான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

“அங்கிள், மேல யாரு இருந்தாங்க?”

“வாசு அண்ணே. ரொம்ப வருஷமா இருந்தாரு. போன மாசந்தான் தவறிட்டாரு. ஜன்னல் கிட்ட உக்காந்தமேனிக்கே போயிட்டாரு மா. டீ கொண்டு போன பையன்தான் பாத்துட்டு ஓடியாந்தான்.”

“ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?” என்றாள் ஷஹீதா.

“சொன்னா இந்தப் புள்ள வருமா?” என்றவர், கல்லாவின் மூடியைத் துணியால் துடைத்தார். “ஒரே மகன். ஆஸ்திரேலியா போனவன்தான், வரல. வாசு அண்ணே எந்நேரமும் அங்கதான் உக்காந்து ரோட்டப் பாத்துட்டு இருப்பாரு. ஏண்ணே இப்படின்னு கேட்டா, ‘போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனான்’ம்பாரு.”

இழவு வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பது பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். துளசிக்கும் தெரியும். அது இழவு வீடு என்பதுதான் தெரியாமல் போயிற்று. காத்திருந்தே செத்த மனிதரிடம் போய், வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவரும் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

போகாமல் இருக்கலாம். இருந்தால் ஃபேக்டரி. அதைவிட, அவர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாரே என்பதுதான் அவளை அரித்தது. ஒரு தடவை போய், சொல்லாமல் இறங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள்.

மறுநாள் உச்சி வெயிலில் போனாள். ஷஹீதா படிக்கட்டின் கீழே டீத் தட்டோடு நின்றாள். மாடியறை அப்படியே இருந்தது. ஸ்டூல் காலி. ஆனாலும் துளசி அதைச் சுற்றிப் போகும்போதெல்லாம் ஒரு முழம் தள்ளியே போனாள். பெரியவர் இருக்கும் இடத்தில் யாரும் இடித்துக்கொண்டு போவதில்லை. படம் எடுத்து முடித்தாள். சின்ன ரெக்கார்டரை ஓடவிட்டுக் கட்டில்மேல் வைத்தாள். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். அவளுக்கு அழுகை வந்தது. யாரையோ வஞ்சித்துவிட்டு வருவது போல இருந்தது.

கீழே இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். படிக்கட்டு ஒடுக்கம். பேச்சுவாக்கில் ஷஹீதா தட்டைத் தூக்கிக்கொண்டு, யாருக்கோ வழி விடுவது போல ஒதுங்கி நின்றாள்.

“யாருக்கு லா ஒதுங்குற?”

“தெரியல” என்ற ஷஹீதா தானே சிரித்துக்கொண்டாள். “நீ நில்லு. ரெக்கார்டரை நான் போய் எடுத்துட்டு வரேன்.”

புது மாடலில் ஸ்டூல் காலியாக இருந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் காலி. அறை தெளிவாக, வெயிலும் தூசியுமாக நின்றது. ஸ்டூலின் மரம் நடுவில் தேய்ந்து பளபளத்தது. முடிந்தது நம் படிப்பு என்று நினைத்துக்கொண்டுதான் துளசி அதை ஸுல்கிஃப்லியிடம் காட்டினாள்.

அவர் கன்ட்ரோலரை வாங்கி அறைக்குள் நடந்தார். ஸ்டூலின் முன்னால் நின்றார்.

“எடுக்காதன்னு சொன்னேனே” என்றார். பிறகு, “பரவால்ல. இதுதான் நல்லா இருக்கு. ஒருத்தர் இப்பத்தான் எழுந்து போன மாதிரி. நீ பாஸ்மா. சத்தத்தை மட்டும் சேர்த்து அனுப்பிரு.”

ஃபெர்ரியில் அன்று அவள் அழவில்லை. வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டதும் அடுப்பில் வாணலியை வைத்து உளுந்து வடை தட்ட ஆரம்பித்தாள். துளசி தன் அறையில் உட்கார்ந்து ஒலிப்பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டாள்.

முதலில் கதவு சாத்தும் சத்தம். பிறகு அவளுடைய காலடி, படி படியாகக் கீழே போய் அடங்கியது. தெருவில் ஒரு மோட்டார். கடையில் பாத்திரம் மோதும் ஓசை. அதன்பின் வெறும் அறை, வெகுநேரம்.

ஸ்டூல் தரையில் உரசியது.

மெல்ல, வயதானவர் எழுந்திருக்கும்போது விடும் ஒரு பெருமூச்சு. பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல ஒரு குரல் சொன்னது.

“போயிட்டு வரேன்மா.”

செருப்பில்லாத பாதங்கள் நடந்தன. கதவு திறக்கும் சத்தம் இல்லை. ஒவ்வொரு படியாக இறங்கின. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஷஹீதா ஏறி வரும் சத்தம் கேட்டது.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “யாரு துளசி வந்திருக்கா? ஆம்பளக் குரல் கேட்டுச்சே. வடை பத்துமா?”

துளசி எழுந்து போய், பக்கத்தில் கிஷனின் நாற்காலியில் குவிந்திருந்த துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டாள்.