வெந்நீரில் முக்காத செடி

பாலைக்கு வந்த முதல் நாளே ஆய்வு நிலையத் தலைவியான மேடத்திடம் திட்டு வாங்கினான், ஜீப்பிலிருந்து தொப்பி இல்லாமல் இறங்கியதற்காக.

"படிச்சவன்தானே? மண்டை என்ன விறகா, வெயில்ல காயப்போட?"

குளிர்ந்த தண்ணீர் குடித்ததுபோல் இருந்தது அவனுக்கு. ஊரில் யாரும் அவனைத் திட்டுவதில்லை. போன மழைக்காலத்தில் மனைவி காய்ச்சலில் போனதிலிருந்து, அக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். நண்பர்கள் அவனைக் கண்டதும் சிரிப்பை விழுங்கினார்கள். பாலைத் தாவர ஆய்வு நிலையத்தில் பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றதும் விழுந்தடித்து ஓடிவந்துவிட்டான். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மழை கொட்டும் ஊர்க்காரன் என்பதால் நிலையத்து டிரைவர் அவனுக்கு 'மழை' என்று பெயர் வைத்திருந்தார்.

"என்ன மழை, இன்னும் கல்யாணம் ஆகலயா? இங்கயே ஒரு முள்ளுச்செடியைப் பார்த்து முடிச்சிடலாமா?"

"பார்க்கலாம்ணே."

மேடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "நீ அழுத்துற முதல் செடிக்கட்டு நல்லா காஞ்சு வந்தா இருக்கலாம். கெட்டுப்போச்சுன்னா வெள்ளிக்கிழமை வண்டியில நீயும் கிளம்பிடு."

செடியை உலர்த்தி வைக்க அழுத்துவது அவனுக்குக் கைவந்த வேலை. தாளில் செடியை விரித்து, இலையை நீவி, ஒற்றுத்தாள் மூடி, மரச்சட்டங்களுக்கு நடுவே அடுக்கி, பட்டையை இறுக்கிக் கட்டுவான். பாறை இடுக்கில் மேடம் காட்டிய குட்டிச் செடியையும் அப்படியே வைத்தான். கொழுத்த இலைகள், உச்சியில் கடுகளவு மொட்டுகள்.

"பூவைப் பார்த்தாதான் என்ன இனம்னு சொல்ல முடியும்," என்றிருந்தார். "வருஷா வருஷம் பூக்கறதுக்குள்ள ஆடு மேய்ஞ்சிடுது. மொட்டோடயாவது இருக்கட்டும், ஒண்ணே ஒண்ணு எடு."

வெள்ளிக்கிழமை காலை மேடம் கட்டைப் பிரித்தார். புழுங்கிய நாற்றம் வந்தது. நடுத்தாள்கள் ஈரமாக இருந்தன. பக்கத்தில் இருந்த இரண்டு புற்களில் பூஞ்சை படர்ந்திருந்தது.

"வெந்நீர்ல முக்கினியா?"

"எதுக்கு மேடம்?"

"எதுக்கா! இலை பூரா தண்ணி சேர்த்து வச்சிருக்கிற செடி. கொதிக்கிற தண்ணியில முக்கினாதான் அடங்கும். இல்லன்னா கட்டுக்குள்ளயே உயிரோட குடித்தனம் நடத்தும். உங்க ஊர்ச் செடி மாதிரி பறிச்சதும் வாடிடும்னு நினைச்சியாக்கும்?"

வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவன் கதவைப் பார்த்தான். அக்காவின் வீட்டுக் கூடம், யாரும் சத்தம் போடாத அந்தக் கூடம், கண்முன் வந்து நின்றது.

மேடம் தாளைத் தூக்கினார். குனிந்து பார்த்தார்.

மொட்டுக்காம்பு வெளிச்சம் தேடித் தாளின் ஓரம்வரை வளைந்து வந்திருந்தது. நுனியில் நகத்தளவு மஞ்சள் பூ, விரிந்து.

மேடம் உருப்பெருக்கியை எடுத்தார். "அட கழுதை!" என்றார். செடியையா அவனையா தெரியவில்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

"என் மனைவி இருந்திருந்தா சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்கியிருப்பா மேடம். ஒரு செடியைச் சாகடிக்கக்கூடத் துப்பில்லன்னு."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது உறைத்தது. அவன் பெட்டியைக் கட்ட வாசலில் கயிறோடு நின்ற டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். இனி இங்கேயும் அதேதான், குரல்கள் தாழப்போகின்றன என்று காத்திருந்தான்.

மேடம் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்போ?"

"போன மழையில."

"ம்."

இதழ்களை எண்ணி முடித்தார். பூவை மெல்ல நறுக்கி, கெடாமலிருக்கச் சாராயக் குப்பியில் போட்டு மூடினார்.

"அவ சொல்லியிருந்தாலும் தப்பில்ல. ரெண்டு புல்லைக் கெடுத்திருக்கியே, அதை யாரு போய்ப் பறிக்கிறது? நானா?"

"நான்தான் மேடம்."

"அப்ப இன்னும் ஏன் நிக்கிறே?"

டிரைவர் தொண்டையைச் செருமினார். "அப்ப வண்டியில..."

"பூ மட்டும் போகட்டும்."

அவன் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினான். கொஞ்ச தூரம் போயிருப்பான். பின்னாலிருந்து மேடம் கத்தினார்.

"வேரோட எடுடா! வேர் இல்லாம வந்தே, உள்ள விடமாட்டேன்!"

"சரி மேடம்!" என்று அவனும் திரும்பிக் கத்தினான்.