பாலனின் கன்னமும் பேத்தை மீனும்

அந்த டிசம்பரில் விருத்தாசலத்து ஜெயமேரியின் பட்டறையில் சுட்டெடுத்த நாற்பது பாலன் இயேசு பொம்மைகளும் கன்னம் ஒட்டி, பத்து நாள் பட்டினி கிடந்த பிள்ளைகளாகச் சூளையிலிருந்து வெளியே வந்தன. அச்சிலும் கோளாறில்லை, நெருப்பிலும் கோளாறில்லை. கோளாறு கண்ணாடித் தொட்டியில் கிடந்த பேத்தை மீனுக்கு. அது ஊதினால் சூளையிலிருக்கும் பொம்மைகளும் ஊதும், இளைத்தால் அவையும் இளைக்கும். மாதா தேர் முடிந்ததிலிருந்தே இது தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. எல்லாரும் அதிசயப்படுவதை விட்டு நாளாயிற்று.

பரங்கிப்பேட்டையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் செல்வநாயகியின் நண்டு வாளியில் அது உயிரோடு வந்தது. கட்டைவிரல் நீளம், வெள்ளை வயிறு, பச்சை முதுகில் கறுப்புப் புள்ளிகள். "வெஷம், திங்க ஆவாது, தூக்கிப் போடு" என்றாள் செல்வநாயகி. ஜெயமேரியோ அதன் கண்களைப் பார்த்துவிட்டாள். அவை தனித்தனியாகச் சுழன்று, பொம்மைக்குக் கண் எழுதும் அவள் தூரிகையின் பின்னாலேயே வந்தன. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டாள்.

மண் வேலைக்காரர்களுக்கு உப்பென்றால் ஆகாது. அச்சில் ஊற்றும் மண் கூழில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் பொம்மைமேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கெட்டுவிடும். ஆகவே பட்டறைக்கென்று பிடித்து வைத்த மழைத்தண்ணீரை, தான்கூடக் குடிக்காமல், மீனுக்கு ஊற்றினாள். அந்தப் பாசம்தான் அதைக் கொன்றுகொண்டிருந்தது. நத்தை ஓட்டையே நொறுக்கும் பல் சும்மா கிடந்தது. வயிறு சாம்பல் நிறமாயிற்று.

"மீனு போனா போவுது, கோயிலுக்கு பாலன வேற எடத்துல வாங்கிக் குடுத்துடலாம்" என்றான் சூளை பார்க்கும் புருஷன் அந்தோணிமுத்து.

"பாலன் கெடக்கட்டும், மீனு சாவுதுங்க!" என்று கத்தினாள் ஜெயமேரி.

மறுநாள் வந்த செல்வநாயகி தொட்டித் தண்ணீரை நக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! ஆறும் கடலும் கலக்குற எடத்துல பொறந்ததுடி. ரெண்டு தண்ணியும் வேணும் அதுக்கு."

எவ்வளவு உப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெயமேரிக்குத் தெரிந்தது ஒரே வழி: மண் கூழின் பதம் பார்க்க ஒரு லிட்டர் பிடித்து நிறுப்பது. வெள்ளாறு கடலில் விழும் இடத்துத் தண்ணீரைச் செல்வநாயகியிடம் சொல்லி வரவழைத்து, அதே குவளையில் நிறுத்தாள். ஆயிரத்துப் பத்து கிராம். மழைத்தண்ணீர் ஆயிரம். அட, பத்தே கிராமில் கிடந்திருக்கிறது உயிர்! மீன் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பை வாங்கி, ஒரேயடியாகக் கொட்டாமல், நாளுக்கு லிட்டருக்கு இரண்டு கிராம் எடை கூடும்படி கரைத்து ஏற்றினாள்.

ஐந்தாம் நாள் காலை, புதிதாய் வார்த்த நாற்பது பாலன்களோடு இரண்டாவது சூளை எரிந்துகொண்டிருந்தபோது, தொட்டிக்குள் நத்தை ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு மீன் எலுமிச்சம்பழமாக உப்பியது. "ஊதிடுச்சு! ஊதிடுச்சுங்க!" என்று ஜெயமேரி குதித்த குதியில் தெருவே ஓடி வந்தது. சூளை ஆறியதும் திறந்தார்கள். நாற்பது பாலனுக்கும் கன்னம் பணியாரமாக உப்பியிருந்தது.

ஒன்றைத் திருப்பிப் பார்த்த அந்தோணிமுத்துவுக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. பச்சை முதுகு, கறுப்புப் புள்ளிகள். நாற்பதும் அப்படியே. பங்குச் சாமியார் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "பாலன் எப்படியும் மல்லாக்கத்தானம்மா படுப்பாரு" என்று குடிலில் வைக்கோல்மேல் கிடத்தினார்.

இப்போது அந்தப் பங்கில் பாலன் வாங்க வருகிறவர்கள் முதலில் முதுகைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள். புள்ளி இல்லையென்றால் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள்.